ஆட்சேபணை இல்லை

காலையில் எழுந்து பால் காய்ச்சுகிறேன். ஒரு டம்ளர் குடித்துவிட்டு மிச்சத்தை மூடி வைக்கிறேன். மக்கில் ஊறும் வெள்ளைக் கழுத்துப் பட்டைகள் இரண்டையும் அலசி, பிழிந்து, ஈரத்தோடே இஸ்திரி போடுகிறேன். ஒன்றைக் கட்டிக்கொள்கிறேன். மற்றது அவளுடையது. அதைக் கட்ட ஆளில்லை. மடித்து வைக்கிறேன். இரவில் இரண்டையும் மறுபடி ஊறப் போடுகிறேன்.

நானும் மனைவியும் வக்கீல்கள். ஒரே அறை, இரண்டு மேஜை. எனக்கு நிலத் தகராறு, அவளுக்குக் குடும்ப வழக்கு. சின்ன ஆபரேஷன் என்று போனவள் திரும்பவில்லை. இரங்கல் கூட்டத்தில் வக்கீல் சங்கத் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ‘என் கட்சிக்காரர்களைக் கைவிடாதீர்கள்’ என்பதுதான் அவள் கடைசி வார்த்தை என்றார். யார் சொன்னார்களோ. நான் திருத்தவில்லை. அவள் வழக்குக் கட்டுகளும் என் தலையில் விழுந்தன.

எங்கள் நீதிமன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் சாவு விழுந்த வக்கீல் வாய்தா கேட்டால் எதிர்த்தரப்பு மறுக்காது. என் விஷயத்தில் கேட்கக்கூட வேண்டியிருக்கவில்லை. நான் எழுந்து நின்றாலே எதிர் வக்கீல் “ஆட்சேபணை இல்லை” என்பார். நீதிபதி வேறு தேதி போடுவார். நான் உட்கார்ந்துவிடுவேன். துக்கம் விசாரிப்பதில் அதுவும் ஒரு வகை. மழைக்காலம் முழுக்க இப்படியே போனது. நான் வாய் திறக்காமலே எல்லாம் நடந்தது. அப்படியென்றால் இதுவரை வாய் திறந்து என்னத்தைச் சாதித்தேன் என்று தோன்றியது.

கட்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அங்கியைக் கழற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். முதல் கட்டு ஒரு நர்ஸுடையது. கணவனைப் பிரிந்தவள். மகள் அவனிடம் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மகளைப் பார்க்க என் மனைவி அவளுக்கு இடைக்கால உத்தரவு வாங்கிக் கொடுத்திருந்தாள்.

நீதிமன்ற வராந்தாவில் அவளிடம் தாளை நீட்டினேன்.

“வேற வக்கீல் பாத்துக்குங்க. எனக்கு ஆட்சேபணை இல்லைன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்.”

அவள் வாங்கவில்லை. இரவு வேலை முடிந்து நேராக வந்திருந்தாள். கையில் மருந்து வாசனை.

“அந்த உத்தரவு முடிஞ்சு போச்சு. தெரியுமா சார்?”

தெரியாது.

“அடுத்த வாய்தா வரைக்கும்னுதான் போட்டிருந்தாங்களாம். நீங்க வாய்தா வாங்கினப்ப அத நீட்டிக்கச் சொல்லிக் கேக்கல. இப்ப ஞாயித்துக்கிழம போனா அவரு கதவத் திறக்கறதில்ல. புள்ள ஜன்னல்ல நின்னு கையாட்டும். போன வாரம் ஜன்னலயும் சாத்திட்டாரு.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சாவு வீட்டுல போய் எப்படி சார் சண்ட போடறது?”

அதற்குள் உள்ளே எங்கள் வழக்கைக் கூப்பிட்டார்கள்.

அவள் கணவனின் வக்கீலைப் பீரங்கி என்போம். அவர் ரகசியம் பேசினால் பக்கத்துக் கோர்ட்டில் சாட்சி உளறுவான். என் மனைவி அவரை அண்ணே என்பாள். தினமும் சண்டை போடுவாள். நான் எழுந்து நின்றதும் அவர் என் முகத்தைப் பார்த்தார். குரலைத் தணித்து, “ஆட்சேபணை இல்லை” என்றார்.

நீதிபதி காலண்டரைப் புரட்டினார்.

“எனக்கு இருக்கு,” என்றது பின்பக்கம் ஒரு குரல்.

“யாரும்மா அது?”

“பொண்ணோட அம்மா, மேடம். வக்கீலுங்க ரெண்டு பேரும் ஒத்துமையாத்தான் இருக்காங்க. எனக்குத்தான் ஆட்சேபணை இருக்கு.”

யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“என்ன வக்கீல் சார், வாய்தாவா? வாதமா?”

உட்கார்ந்துவிடலாம். பழகிய காரியம். சாத்திய ஜன்னல் ஒன்று கண்ணில் நின்றது.

“வாதம்,” என்றேன்.

கட்டைப் பிரிக்க வேண்டும். நாடாவில் என் மனைவி போட்ட முடிச்சு. அவள் முடிச்சுப் போட்டால் கடப்பாறைதான் வேண்டும் என்று கிண்டல் செய்வேன். மருத்துவமனைக்குப் போகும் முன் போட்டது அது. நான் தொட்டதில்லை. நகம் இறங்கவில்லை. கடைசியில் பல்லால் கடித்தேன்.

“என்ன தம்பி, காலைல சாப்பிடலயா?” என்றார் பீரங்கி.

முடிச்சு அவிழ்ந்தது. நாடா கையில் தொளதொளவென்று தொங்கியது. இனி அந்த முடிச்சு கிடையாது. பேசத் தொடங்கினேன். உத்தரவு முடிந்துபோனது என் கவனக்குறைவு, தாயின் குற்றமில்லை, அதைப் புதுப்பிக்க வேண்டும் என்றேன். குரல் யாருடையதோ போலிருந்தது.

பீரங்கி எழுந்தார். இரவெல்லாம் வேலைக்குப் போகிற தாய் குழந்தையை எப்படிப் பார்த்துக்கொள்வாள் என்று முழங்கினார். கூரை அதிர்ந்தது. எனக்காக அவர் ஒரு இம்மிகூடக் குறைக்கவில்லை. மனைவி போனபின் என்னை முழு ஆளாக நடத்திய முதல் மனிதர். அந்தச் சத்தத்துக்கு அவருக்கு நன்றி சொல்லத் தோன்றியது. சொல்லாமல் பதில் வாதம் செய்தேன்.

“கேக்கறது ஞாயிறு பகல் மட்டுந்தான், மேடம்.”

தீர்ப்பு வரும்வரை ஒவ்வொரு ஞாயிறும் பகல் முழுக்கத் தாயிடம் என்று நீதிபதி உத்தரவிட்டார். வெளியே வரும்போது பீரங்கி என் முதுகில் ஒன்று வைத்தார்.

“அடுத்த தடவ உன்ன விட மாட்டேன், பாத்துக்க.”

மகிழ்ச்சி எதுவும் வரவில்லை. சாயங்காலம் வீட்டைத் திறந்தால் அதே வீடு. காலையில் மூடி வைத்த பால் திரிந்திருக்கும். நர்ஸுக்கு ஞாயிறு கிடைத்தது. எனக்கு ஞாயிறு வேண்டாம்.

நர்ஸ் வராந்தாவில் நின்றாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்திருந்தாள்.

“அந்தத் தாள என்ன சார் பண்ணப் போறீங்க?”

நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். கிழிக்கவில்லை. அடுத்த கட்டு கக்கத்தில் இருந்தது. அதிலும் என் மனைவியின் முடிச்சு.

“அக்கா கடைசியா எங்களப் பத்தித்தான் பேசினாங்களாமே?”

ஆமாம் என்றால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இன்று ஒருத்தி உள்ளதைச் சொன்னதால்தான் ஒரு கதவு திறந்தது.

“இல்லீங்க,” என்றேன். நடந்ததைச் சொன்னேன்.

மனைவியை ட்ராலியில் தள்ளிக்கொண்டு போனார்கள். ஆபரேஷன் அறை வாசலில் அவள் நிறுத்தச் சொன்னாள். ஏதோ முக்கியம் என்று குனிந்தேன்.

“பட்டைய ஊறப் போட்டுட்டு அப்படியே வந்துட்டேன். போனதும் ரெண்டையும் அலசிப் போட்டுடு, மஞ்சளாயிடும்.”