யாரும் விலகாத கம்பெனி

டாக்சி ஓட்டுநர்கள் தங்களுக்குள்ளேயே தொடங்கிய இன்சூரன்ஸ் கம்பெனி அது. ஆண்டுத் தொடக்கத்தில் எல்லோரும் பிரீமியம் கட்டுவார்கள். விபத்துகளுக்குக் கொடுத்தது போக மிஞ்சுவது கட்டியவர்களுக்கே சொந்தம். ஆனால் கையில் தருவதில்லை. அடுத்த ஆண்டுப் பிரீமியத்தில் கழித்துக்கொள்வார்கள். பானையில் மிச்சமிருக்கும் தண்ணீரைக் கொட்டாமல், குறைந்ததை மட்டும் ஊற்றி நிரப்புவதைப் போலத்தான்.

மாநில வரித்துறையோ, கழிக்காத முழுப் பிரீமியத்துக்கும் வரி கட்டச் சொன்னது. கட்டினால் கம்பெனி படுத்துவிடும். இன்சூரன்ஸ் இல்லாத டாக்சி தெருவில் இறங்க முடியாது. மேனேஜர் கோர்ட்டுக்குப் போனாள்.

"மிச்சம் உறுப்பினரோட பணம்னா, யாராவது கையில வாங்கியிருக்காங்களா?" என்று கேட்டார் அரசு வக்கீல்.

"விலகினா வாங்கிக்கலாம்னு விதி இருக்குங்க."

"சரிம்மா, யார் விலகினாங்க?"

"இதுவரைக்கும் யாரும் இல்லீங்க." ஓய்வுபெறுகிறவர் வண்டியை மகனுக்கோ மச்சானுக்கோ கொடுக்கும்போது மிச்சத்தையும் வாங்குகிறவர் பேருக்கே மாற்றிவிடுவதுதான் அவர்கள் வழக்கம். அந்த ஒற்றுமையே இப்போது காலை வாரிவிட்டது. வழக்கு தள்ளிப்போனது.

மாலையில் டாக்சி ஸ்டாண்டில் அவளுடைய அண்ணன், எல்லோரும் 'ஹாரன்' என்று கூப்பிடுகிறவர், தன் டாக்சியின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னடி, மூஞ்சி பஞ்சரான மாதிரி இருக்கு?"

நடந்ததைச் சொன்னாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"நான் விலகிக்கிறேன்."

"வழக்குக்காக விலகினா நடிப்புன்னு வக்கீல் கிழிச்சிடுவாருண்ணே."

"நடிப்பு இல்லடி. இதை எத்தனை தடவ துடைக்கிறேன் பாரு. அழுக்கு கண்ணாடியில இல்ல."

அவள் அண்ணனின் கண்களைப் பார்த்தாள். தடுக்க முடியவில்லை.

வண்டியை விற்று, மிச்சத்தை வாங்கிக்கொண்டு, கண் டாக்டரின் சான்றிதழுடன் சாட்சிக் கூண்டில் ஏறினார்.

"முன்னாடியே ஏன் விலகல?" வக்கீலின் குரல் தணிந்திருந்தது.

"வேற தொழில் தெரியாதுங்க. அதான் மறைச்சேன்."

"கம்பெனி அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்டா குடுப்பீங்களா?"

"ஏங்க குடுக்கணும்? அது என்னோடது!"

கோர்ட்டே சிரித்தது. வக்கீலும் சிரித்தபடி உட்கார்ந்துவிட்டார். மிச்சம் உறுப்பினர்களுடையது, அதற்கு வரி இல்லை என்று தீர்ப்பு வந்தது.

திரும்பும்போது அண்ணன் வேறொருவரின் டாக்சியில் முன்னிருக்கையில் உட்கார்ந்தார். திருப்பத்தில் அவருடைய வலது கால் இல்லாத பிரேக்கை அழுத்தியது. ஓட்டியவர் ஓரக்கண்ணால் பார்த்தார். அதன்பிறகு அந்தக் கால் அழுந்தும்போதெல்லாம் வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.