நிப்பாட்டின போன்

குருநகர்க் கரையில் கவிழ்த்துக் கிடந்த வள்ளத்தின் மேல் ஜெசிதா மடிக்கணினியோடு குந்தியிருந்தாள். கண் எரிந்தது. ஒழுங்காக நித்திரை கொண்டு கனநாளாகிவிட்டது.

மீன் பெருகட்டும் என்று கடலில் ஒரு பகுதியை மூடியிருந்தார்கள். அதற்குள் போகவில்லை என்று ஒவ்வொரு படகும் மீனை விற்கமுதல் காட்டவேண்டும். படகில் பெட்டி பூட்டினால் அலுவல் முடிந்தது. ஆனால் படகு போன இடமெல்லாம் பெட்டி மீன்பிடித் திணைக்களக் கந்தோருக்குச் சொல்லிவிடும். கந்தோருக்குத் தெரிந்தால் பின்னேரத்துக்குள் கரை முழுக்கத் தெரியும். தான் மீன் பிடிக்கிற இடத்தைக் கூடப்பிறந்தவனுக்கும் சொல்லாத சனம் இது.

அதற்குத்தான் ஜெசிதாவின் செயலி. பூச்சிய அறிவு நிறுவல் என்பார்கள். மூடின கடலுக்குள் போகவில்லை என்பதை மட்டும் அது நிறுவும். எங்கே போனான் என்று மூச்சுவிடாது. கணக்கு சரிதான். ஆனால் மலிவு போனில் அது ஊர்ந்தது. நொடிக்கு நொடி படகு நின்ற இடத்தை எடுத்து ஒவ்வொன்றையும் எல்லைக்கோட்டோடு சரிபார்ப்பதற்குள் போன் கொதித்துச் செத்துவிடும். வந்து கிடக்கிற மீன் அதுவரை காத்திருக்குமா?

"எங்கடை மெசினுக்கு அனுப்பும். கண்மூடித் திறக்கிறதுக்குள்ளை செய்து தாறன்," என்றான் கொழும்பிலிருந்து கூட வேலை செய்கிற றொகான், போனில்.

"அனுப்பினால் நீர் பாப்பீர். பிறகு அதுக்கும் பெட்டிக்கும் என்ன வித்தியாசம்?"

இன்றைக்குச் செயலிக்குக் கடைசிப் பரீட்சை. ஏலம் முடியமுதல் விடை வராவிட்டால் எல்லாப் படகுக்கும் பெட்டி என்று சங்கத் தலைவர் யாகோப்பு சொல்லிவிட்டார்.

தமையன் ஜெனிஸ்ரனின் படகு கரை தட்டியது. நல்ல பாரை மீன். அவன் நீட்டிய போனில் அவள் பொத்தானை அமத்தினாள். நிறுவ முடியாது என்று உடனே சிவப்பு விழுந்தது. படகு நின்ற இடங்களைக் குறித்த புள்ளிகளுக்கு நடுவில் பெரிய இடைவெளி.

"அண்ணை, போனை நிப்பாட்டினனீயோ?"

"ஓம். வலை விடேக்கை நிப்பாட்டினனான்."

"அது ஒருத்தருக்கும் சொல்லாது எண்டு எத்தினைதரம் சொன்னனான்!"

"உன்னை நம்புறன் பிள்ளை. உந்தச் சாமானை நம்பேலாது."

பக்கத்தில் நின்ற யாகோப்பு சிரித்தார். "படிச்ச தங்கச்சிக்கு நல்ல தமையன். பெட்டிதான் பிள்ளை, வேறை வழியில்லை."

ஜெசிதாவுக்குக் கோபப்படவும் தெம்பில்லை. வெறுமனே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிப்பாட்டின இடம் ஒன்று, திரும்பப் போட்ட இடம் ஒன்று. இரண்டும் எல்லைக்கோட்டுக்கு வெகு தூரத்தில். நடுவில் போன நேரம் கொஞ்சம்.

"அண்ணை, உன்ரை எஞ்சின் முறுக்கினால் எவ்வளவு ஓடும்?"

"உது கிழட்டு எஞ்சின். உன்ரை சைக்கிளைவிடக் கொஞ்சம் கூட."

அவள் நிமிர்ந்தாள். அந்த நேரத்துக்குள் அந்த எஞ்சினால் கோட்டைத் தொட்டுத் திரும்பவே முடியாது. பிறகு அவன் நடுவில் எங்கே நின்றால் என்ன? கோட்டுக்குத் தூரத்தில் இருக்கும்வரை ஒவ்வொரு நொடியும் எதற்கு? அங்கொன்று இங்கொன்றாகப் புள்ளி போதும். இவ்வளவு நாளும் தேவையில்லாத புள்ளிகளைச் சுமந்துகொண்டல்லவா இழுபட்டிருக்கிறாள்!

"மாமா, இவன்ரை மீன் ஏலத்துக்கு வரட்டும். அதுவரைக்கும் பொறுங்கோ," என்றாள் யாகோப்பிடம்.

"அதுவரைக்கும்தான்."

செயலியின் விதியை மாற்றினாள். விரல் இரண்டுதரம் பிழைத்தது. புதுச் செயலியைத் தமையனின் போனில் ஏற்றி அமத்தினாள். ஏலக்காரன் பாரைக்கு விலை கூறத் தொடங்க, பச்சை வந்தது. போன் சுடக்கூட இல்லை.

யாகோப்பு அதை வாங்கி முன்னும் பின்னும் பிரட்டினார். "எங்கை பிடிச்சவன் எண்டு இதிலை இல்லையோ?"

"இல்லை மாமா."

"உனக்காவது தெரியுமோ?"

"எனக்கு நித்திரை வருது. அதுதான் தெரியும்."

அவர் பாரைகளை ஏக்கத்தோடு பார்த்தார். "தெரிஞ்சால் நல்லாத்தான் இருக்கும்," என்று பெருமூச்சு விட்டார். "சரி, பெட்டி வேண்டாம்."

ஜெனிஸ்ரன் வலையை உதறிக்கொண்டிருந்தான்.

ஜெசிதாவின் போன் அடித்தது. றொகான். என்ன நடந்தது, எப்படி நடந்தது என்று முதலிலிருந்து கேட்பான். அவள் போனை நிப்பாட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.