சந்தனப் பொட்டலம்

ஸ்பான்சரம்மா ஊருக்கு வருகிற செய்தியைச் சொல்ல சிவக்குமார் பைக்கில் வந்து இறங்கியபோது, தங்கப்பொண்ணு கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தாள். புருஷன் போனதிலிருந்து எந்தச் செய்தியும் அவளுக்குச் செய்தியாகப் படுவதில்லை. மழை வரப்போகிறது என்றாலும், பக்கத்து வீட்டு அன்னக்கொடியின் ஆடு செத்துப்போனது என்றாலும் "அப்படியா" என்பாள். இதற்கும் அதையேதான் சொன்னாள்.

"என்னக்கா, அப்படியாங்குற? டென்மார்க்ல இருந்து உன் மகளைப் பாக்க வாராங்க. நாளைக்குப் பேரையூரைத் தாண்டி இந்தப் பொட்டலுக்குக் கார்ல கூட்டிட்டு வாரேன். வீட்டைக் கொஞ்சம் கூட்டிப் பெருக்கி வையி."

சிவக்குமாருக்கு டி. கல்லுப்பட்டியில் ஒரு விடுதி அலுவலகத்தில் வேலை. அங்கே தங்கிப் படிக்கும் இல்லாத வீட்டுப் பிள்ளைகளை, வெளிநாட்டுக்காரர்கள் ஆளுக்கொருவராகப் பொறுப்பெடுத்துப் படிக்க வைக்கிறார்கள். தங்கப்பொண்ணின் மகள் முத்துமீனாவை ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஹில்டா என்கிற அம்மாள் பார்த்துக்கொள்கிறார். இப்போது அவள் ஏழாவது. வருஷத்துக்கு ஒருமுறை பிள்ளையைப் போட்டோ பிடித்து அனுப்புவார்கள். இந்தத் தடவை அந்தப் போட்டோவில்தான் வந்தது வினை.

முத்துமீனாவின் அப்பா கண்ணுச்சாமி மதுரையில் கட்டட வேலைக்குப் போன இடத்தில் சாரத்திலிருந்து விழுந்துவிட்டான். ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தவனுக்காகத் தங்கப்பொண்ணு குலசாமி சோணைக்கு நேர்ந்துகொண்டாள். அவன் பிழைத்து எழுந்தால் தாயும் மகளும் முடி கொடுப்பதாக நேர்ச்சை. அவன் பிழைத்தான். வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்தான், கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து வெயில் காய்ந்தான். கோயிலுக்குப் போய் இரண்டு பேரும் மொட்டை போட்டு, தலையில் சந்தனம் பூசிக்கொண்டு திரும்பினார்கள். அந்த வாரமே கண்ணுச்சாமி தூக்கத்திலேயே போய்விட்டான். தலைக்குள் ரத்தம் கட்டியிருந்ததாம்.

மிச்சமிருந்த சந்தனப் பொட்டலத்தை அவள் மாடக்குழிக்குள் தள்ளினாள். அன்றிலிருந்து அந்த மாடத்தில் விளக்கு எரியவில்லை. சாமியோடு அவளுக்குப் பேச்சு இல்லை. அழுகையும் வரவில்லை. தாலி இறங்கும் முன்னாலேயே தலையை மழித்துக்கொண்டவள் என்று சில வாய்கள் பேசின. அதுவும் அவள் காதில் ஏறவில்லை.

அப்பன் காரியம் முடிந்து விடுதிக்குத் திரும்பிய பிள்ளையைத்தான் அந்த வருஷப் போட்டோவுக்கு நிறுத்தினார்கள். மொட்டைத் தலை, சிரிக்காத முகம். டென்மார்க்கில் சாமிக்கு முடி கொடுக்கிற வழக்கம் ஏது? போட்டோவைப் பார்த்த ஹில்டா, பிள்ளைக்குப் புற்றுநோய், அதற்கு வைத்தியம் நடக்கிறது என்று தானாகவே முடிவு கட்டிவிட்டார். பதறிப்போய் விசாரித்து எழுதியதை சிவக்குமார் முழுதாகப் படித்திருந்தால் விஷயம் அன்றைக்கே முடிந்திருக்கும். எந்த நாட்டிலிருந்து எது வந்தாலும் அவனிடம் ஒரே பதில்தான்: தங்கள் பிரார்த்தனையால் குழந்தை தேறி வருகிறாள். அதையே தட்டி அனுப்பினான். ஹில்டா தன் ஊரில் வீடு வீடாக ஏறி இறங்கி வசூலித்து வைத்தியத்துக்குப் பணம் அனுப்பினார். இவன் விழித்துக்கொள்வதற்குள் அது விடுதியின் புதுக் குளியலறையாகிவிட்டது.

"அவங்க கேட்டா, கொணமாயிருச்சுன்னு தலையாட்டு. அம்புட்டுத்தேன்" என்றான் சிவக்குமார். "உண்மை தெரிஞ்சா கையைக் கழுவிருவாங்க. அப்புறம் மீனா ஹாஸ்டலை விட்டுட்டு உன்கூடப் பருத்தி எடுக்கத்தேன் வரணும். பாத்துக்க."

"சரி" என்றாள் தங்கப்பொண்ணு. பொய் சொல்லக்கூட மனசு என்று ஒன்று வேண்டும். அவளுக்கு அது மரத்துப்போய்க் கிடந்தது. தலையாட்டுவது ஒன்றும் சிரமமாகத் தெரியவில்லை.

மறுநாள் உச்சி வெயிலில் கார் வந்தது. முதலில் முத்துமீனா இறங்கினாள், தலையில் ஆம்பளைப் பிள்ளை கிராப்பு மாதிரி முடி வளர்ந்திருந்தது. பின்னாலேயே ஹில்டா குனிந்து இறங்கினார். நெடுநெடுவென்ற உயரம், அறுபது வயதிருக்கும், காது வரை இழுத்துவிட்ட துணித்தொப்பி. அன்னக்கொடி வீட்டிலிருந்து வாங்கி வந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கொடுத்த மோரை ஒரே மூச்சில் குடித்தார். பிறகு பிள்ளையைக் கிட்டே இழுத்து அந்தக் குட்டை முடியைத் தடவித் தடவிப் பார்த்தார். வாய் நிறையச் சிரித்துக்கொண்டே தன் தொப்பியைக் கழற்றினார்.

சுத்தமான மொட்டை.

தங்கப்பொண்ணு கையிலிருந்த செம்பைக் கீழே வைத்தாள். "இவங்க யாருக்கு நேந்துக்கிட்டாங்க? கேளு மீனா."

முத்துமீனா தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டாள். பதிலைக் கேட்டுவிட்டு அம்மாவை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள். "எனக்குத்தேன். எனக்கு முடி வளர்ற வரைக்கும் அவங்களும் வளக்க மாட்டேன்னு மழிச்சுக்கிட்டே இருந்தாங்களாம். இப்பப் பூரா கொணமாயிருச்சான்னு உன்கிட்டக் கேக்கச் சொல்றாங்க."

சிவக்குமார் தங்கப்பொண்ணைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான். தலையாட்ட வேண்டிய இடம் இதுதான். அவளுக்குத் தலை ஆடவில்லை. காசு பணம் என்றால் போகட்டும், இது முடி. ஒருத்தி தன் பிள்ளைக்காகக் கொடுத்த முடி. அதன் முன்னால் பொய் சொல்ல அவள் நாக்கு எழவில்லை.

"உனக்கு நோயே வரலைன்னு சொல்லு மீனா."

"ஏக்கா!" என்று பதறினான் சிவக்குமார். ஹில்டா பக்கம் திரும்பி அவன் ஏதோ இங்கிலீஷில் ஆரம்பித்தான்.

"நீங்க சும்மா இருங்க சார், நான் சொல்றேன்" என்றாள் முத்துமீனா. உண்மை தெரிந்தால் விடுதியை விட்டுப் போகப்போவது தான்தான் என்று சிவக்குமார் அவளிடமும் சொல்லித்தான் கூட்டி வந்திருந்தான். ஆனாலும் சொன்னாள். சாரத்திலிருந்து விழுந்தது, நேர்ந்துகொண்டது, மொட்டை போட்டது, அப்பா செத்தது. வார்த்தை கிடைக்காத இடத்தில் தலையைத் தொட்டுக் காட்டினாள், கையைக் கூப்பிக் காட்டினாள்.

ஹில்டாவின் முகம் சிவந்துபோனது. சிவக்குமாரைத் திரும்பி ஒரு பார்வை பார்த்து, அழுத்தமாக ஏதோ சொன்னார். அவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கார் பக்கம் நகர்ந்தான்.

"என்னடி சொன்னாங்க?"

"நாளைக்கு ஆபீசுக்கு வந்து பேசிக்கிறாங்களாம். என் படிப்புக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, நான் எப்பவும் போலப் படிக்கணுமாம்." முத்துமீனா மூக்கை உறிஞ்சினாள். "அப்பா செத்ததை யாருமே அவங்களுக்குச் சொல்லலையாம்மா."

பிழைத்தோம் என்றுகூடத் தங்கப்பொண்ணுக்குத் தோன்றவில்லை. ஹில்டா தன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே, ஏமாந்துபோன சின்னப் பிள்ளையைப் போல மெதுவாக ஏதோ கேட்டார்.

"நோயே இல்லைன்னா இது வீணாப் போச்சான்னு கேக்குறாங்க" என்றாள் முத்துமீனா.

தங்கப்பொண்ணு எழுந்து மாடத்துக்குப் போனாள். ஒட்டடைக்குள் கைவிட்டுப் பொட்டலத்தை எடுத்தாள். கட்டி தட்டிப்போயிருந்த சந்தனத்தைக் கிண்ணத்தில் கொட்டித் தண்ணீர் விட்டுக் குழைத்தாள். சோணையின் மேலிருந்த கோபம் அப்படியேதான் இருந்தது. இவளும் முடி கொடுத்தாள், புருஷன் போய்விட்டான். யாரோ ஒருத்தி எங்கேயோ இருந்து முடி கொடுத்திருக்கிறாள். பிள்ளை எதிரே நிற்கிறது.

"வீணில்லைன்னு சொல்லு" என்றாள். "நீ நல்லாத்தானே இருக்க?"

முத்துமீனா சொன்னாள். ஹில்டா கன்னத்தைத் துடைத்துக்கொண்டு தானாகவே தலையைக் குனிந்தார். தங்கப்பொண்ணு உச்சியிலிருந்து பிடரி வரை சந்தனத்தை அப்பிப் பூசினாள். அது சில்லென்றிருந்தது, அடியில் அந்தத் தலை வெயிலில் கொதித்துக்கொண்டிருந்தது. அந்தச் சூடு உள்ளங்கையில் ஏறியது. கண்ணுச்சாமி போனபிறகு அவள் கைக்கு எதுவும் இப்படி உறைத்ததில்லை.

"காயிற வரைக்கும் தொப்பி போட வேணாம்னு சொல்லு" என்றாள் மகளிடம். அவளையும் அறியாமல் குரல் உடைந்தது.