பெய்ஜ் என்றால் என்ன அர்த்தம்

முதலாளியின் மாப்பிள்ளைக்கு எது தெரியாது என்று கேட்டால் சாய மாஸ்டர் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்: சாயம். மற்ற எல்லாவற்றுக்கும் அந்த ஆளிடம் விளக்கம் உண்டு. பட்டறைக்குள் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் வருவான். வாயை மட்டும் மூட மாட்டான்.

போன மாதம் இரண்டாயிரம் சட்டைக்குப் பெய்ஜ் நிறத்தில் துணி கேட்டு ஆர்டர் வந்தது. பழுப்பும் இல்லாமல் வெள்ளையும் இல்லாமல் நடுவாந்திரமான நிறம், பிடிப்பது கஷ்டம். மாஸ்டர் மூன்று நாளாக மாதிரி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை வந்து கையமர்த்தினான்.

"மாஸ்டர், பெய்ஜ்னா என்ன அர்த்தம் தெரியுமா? பிரெஞ்சு வார்த்தை. சாயமே போடாத கம்பளிக்கு அந்தக் காலத்துல வச்ச பேரு. அப்புறம் எதுக்குச் சாயம்? துணிய அப்படியே அலசி அனுப்புங்க."

"தம்பி, இது கம்பளி இல்ல, பருத்தி. ரோலுக்கு ரோல் நிறம் மாறும். தச்சா கை ஒரு நிறம், உடம்பு ஒரு நிறம்னு பல்லிளிக்கும்."

"படிச்சவன் சொன்னா கேட்டுக்கணும்."

அட, உன் படிப்பில் இடி விழ! மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டு முதலாளியிடம் போனார். "மாப்பிள்ளை சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் அவர், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே.

சட்டைகள் பல்லிளித்துக்கொண்டே திரும்பி வந்தன. கூடவே ஆர்டர் கொடுத்த அம்மாளும் வந்தார். முதலாளி மாஸ்டரை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"கலவை தப்பாயிடுச்சு, என் தப்புதான்னு சொல்லிடுங்க. உங்கள வேலைய விட்டு நிறுத்திட்டேன்னு அந்தம்மாகிட்ட சொல்லியாகணும். மாப்பிள்ளைய விட்டுக்கொடுக்க முடியுமா, நீங்களே சொல்லுங்க."

இருபத்தாறு வருஷமாக ஒரு ஷேடு தவறாத கை. இந்தத் தொழிலில் பேர் கெட்டுவிட்டால் வேறெந்தப் பட்டறையும் வாசலில்கூட நிற்க விடாது. மாஸ்டர் விறுவிறுவென்று திரும்பி நடந்தார். உள்ளே போனால், மாப்பிள்ளை கொஞ்சமும் கூச்சமில்லாமல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"சாயம் போட்டது யாருங்க?" என்றார் அந்த அம்மாள்.

"நான்தாங்க இங்க மாஸ்டர். அதுக்கு முன்னாடி, பெய்ஜ்னா என்ன அர்த்தம்னு சாரைக் கேளுங்க. என்னைவிட நல்லாச் சொல்வார்."

முதலாளி இருமினார், கண்ணைக் காட்டினார். யார் பார்த்தது? மாப்பிள்ளையின் முகம் மலர்ந்துவிட்டது.

"பிரெஞ்சு வார்த்தை மேடம்! சாயமே போடாததுன்னு அர்த்தம். இவர் போடுறேன்னுதான் ஒத்தக்கால்ல நின்னார். நான்தான் ஒரு சொட்டுகூடப் போட விடல."

மாஸ்டருக்கு வாழ்க்கையில் முதல்முறையாக அந்த முட்டாள்மீது பாசம் பொங்கியது.