பதினோரு டம்ளர்

"செவப்பு எதுடி? தொட்டுக் காட்டு."

காவியா தக்காளியைத் தொட்டாள்.

"பச்ச?"

மிளகாயைத் தொட்டாள். கேட்காமலே அதன் காம்பைக் கிள்ளி எறிந்துவிட்டு, "இது காரம், ராகிக்களிக்குத் தொட்டுக்கறது" என்று கூடுதலாகவும் சொன்னாள். நாலே முக்கால் வயதுக்கு இது அதிகமே தவிரக் குறைவில்லை. ஆனாலும் அவள் அம்மா ஜோதிமணிக்குப் பயம் போகவில்லை. வீட்டில் கிளிமாதிரி சொல்கிறவள் அங்கன்வாடிக்குப் போனதும் வாயில் கொழுக்கட்டை அடைத்ததுபோல நிற்கிறாள். ஒரு மாதத்தில் இரண்டு முறை சோதித்துப் பார்த்தாயிற்று. இரண்டு முறையும் 'நிறம் அறிதல்' என்ற கட்டத்தில் 'இல்லை'. நாளைக் காலை மேற்பார்வையாளர் அம்மா வருகிறார். மூன்றாவது முறையும் இல்லையென்றால் 'வளர்ச்சித் தாமதம்' என்று மதிப்பீட்டு அட்டையில் எழுதிவிடுவார்களாம். ஜூன் மாதம் ஒன்றாம் வகுப்புக்கு அந்த அட்டையும் காவியாவோடு போகும்.

அட்டை போனால் என்ன ஆகும் என்று ஜோதிமணிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவள் தம்பி முனிராஜை ஒன்றாம் வகுப்பிலேயே 'மக்கு' என்று கடைசி வரிசையில் உட்கார வைத்தார்கள். அதற்கு அட்டைகூடத் தேவைப்படவில்லை. ஐந்து வருடம் அதே இடத்தில் உட்கார்ந்து எழுந்து வந்தான். இன்று ஜூஜுவாடியில் லாரிக்கு லோடு ஏற்றுகிறான். கம்பெனியில் சம்பளச் சீட்டு கொடுத்தால் யாரிடமாவது காட்டிப் படிக்கச் சொல்லிக் கேட்பான்.

"வீட்லயும் சொல்லிக் குடுங்க ஜோதி. நான் இங்க சொல்றது மட்டும் பத்தாது. தெனம் பத்து நிமிஷம் ஒக்காருங்க" என்று அனிதா டீச்சர் சொல்லியிருந்தாள். குத்தலாகச் சொல்லவில்லை, அக்கறையாகத்தான் சொன்னாள். அதனால்தான் பயம் இன்னும் அதிகமாக இருந்தது. ஜோதிமணி பத்து நிமிடம் உட்காரவில்லை, ஒரு மணி நேரம் உட்கார்ந்தாள். ஊர்ப் பெரிய மனிதர் சென்னப்பனின் பாலிஹவுஸில், பிளாஸ்டிக் கூரை போட்ட ரோஜாத் தோட்டத்தில், காலை முதல் ரோஜா வெட்டி, காம்பு நீளம் பார்த்து, இருபது இருபதாக அட்டை சுற்றிக் கட்டிவிட்டு வருகிறவள். முள் கிழித்த விரலோடு புடவை, வாளி, பல்பொடி டப்பா என்று ஒவ்வொன்றாகக் காட்டி நிறம் கேட்டாள். ஒன்றில்கூடக் குழந்தை தவறவில்லை.

அப்படியானால் வகுப்பில் மட்டும் ஏன்? அங்கே காட்டுவது வட்ட வட்டமான வண்ண அட்டைகள் என்று டீச்சர் சொன்னது நினைவுக்கு வந்தது. வட்டமாக இருப்பதால் குழம்புகிறாளோ? ஜோதிமணி கண்ணாடிக்குப் பின்னால் செருகியிருந்த ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்தாள். சிவப்பில் ஒன்று, பச்சையில் ஒன்று. தரை ஈரமாக இருந்தது, ஒட்டவில்லை. பக்கத்தில் கழுவிக் கவிழ்த்த இரண்டு எவர்சில்வர் டம்ளர்கள் இருந்தன. அவற்றின் அடியில் ஒன்றொன்றாக ஒட்டினாள்.

"இப்பச் சொல்லு கண்ணு. செவப்ப எடு."

காவியாவின் இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் போயின.

"எடுடி."

குழந்தை அசையவில்லை. தக்காளியைத் தொட்ட அதே கை. ஒரு மாதப் பயம் ஜோதிமணியின் உள்ளங்கையில் ஏறியது. அறைந்துவிட்டாள். அறைந்த பிறகுதான் கையைப் பார்த்தாள்.

காவியா சத்தம் போட்டு அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "அது ஹரீஷுதும்மா. தொட்டா டீச்சரு கைமேல அடிப்பாங்க. நம்புளுது பச்ச."

"யாரு சொன்னா?"

"டீச்சரு. மேல் தட்டு டம்ளரு செவப்புப் பொட்டு, ஊர்ப் புள்ளைங்குளுது. கீழ்த் தட்டு பச்ச. நான் ஒரு நாளு மறந்து எடுத்துட்டேன். அடிச்சிட்டாங்க. கெம்பம்மா ஆயா அத சாம்பலு போட்டுக் கழுவுனாங்க. இப்ப நான் மறக்கறதே இல்ல."

கடைசி வார்த்தையைக் கொஞ்சம் பெருமையாகச் சொன்னாள்.

ஜோதிமணி டம்ளர்களைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். பாலிஹவுஸில் காலனி ஆட்களுக்கு மட்டும் டீ பேப்பர் கப்பில் வரும். மூன்று வருடமாக அதை அவள் சுத்தம் என்றுதான் நினைத்துக் குடித்தாள். நினைத்தாளா, நினைத்ததாகச் சொல்லிக்கொண்டாளா என்பது இப்போது அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

கணவன் சிவராஜ் ஷிப்ட் முடிந்து வந்ததும் விஷயத்தைச் சொன்னாள். அவன் சட்டையைக் கழற்றாமலே கேட்டான். கேட்டு முடித்ததும் முதலில் சிரித்தான்.

"இதுதானா? நான் என்னமோ புள்ளைக்கு மூளையில கோளாறுன்னு பயந்துகினு இருந்தேன்."

"சிரிக்கறதுக்கு என்னாய்யா இருக்குது இதுல?"

"அழுவறதுக்கு மட்டும் என்னா இருக்குது? நாளைக்குக் காலையில செவப்பத் தொடுன்னு சொல்லிக் கூட்டிப் போ."

"அங்க சேந்த பதினோரு மாசமா தொடாதன்னு அடிச்சு வெச்சிருக்காங்க. நான் ஒரு ராத்திரியில தொடுன்னா தொட்டுடுவாளா?"

"அப்பறம் என்னா, போயி சண்ட போடப் போறியா? ஹரீஷு யாரு பேரன்? சென்னப்பன் பேரன். உனுக்கு வேல குடுக்கறது யாரு?" சிவராஜ் குரலைத் தாழ்த்தினான். "அட்டையில எழுதுனா எழுதிட்டுப் போறாங்க. நம்ப புள்ள நம்புளுக்குத் தெரியாதா."

"முனிராசையும் எங்கம்மாளுக்குத் தெரிஞ்சுதான் இருந்துச்சு" என்றாள் ஜோதிமணி.

அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

மறுநாள் ஜோதிமணி வேலைக்குப் போகவில்லை. குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு காலனியிலிருந்து ஊருக்கு ஏறும் சிமெண்டு ரோட்டில் நடந்தாள். "இன்னிக்கு டீச்சரு அடிக்க மாட்டாங்க. செவப்பத் தொடணும், என்ன?" என்று நாலு தரம் சொன்னாள். நாலு தரமும் காவியா தலையாட்டினாள். அப்பன் 'இனிமே பீடி குடிக்க மாட்டேன்' என்று சொல்லும்போது ஆட்டுவானே, அந்தத் தலையாட்டல்.

இத்தனை நாளும் வாசலிலேயே விட்டுவிட்டு ஓடுகிறவள், அன்றுதான் அங்கன்வாடிக்கு உள்ளே நுழைந்தாள். சுவரில் யானை, மயில், அ முதல் ஃ வரை. மூலையில் தண்ணீர்க் குடம். அதன் பக்கத்தில் இரும்புத் தட்டு அலமாரி. மேலே பதினோரு டம்ளர், கீழே ஆறு. எல்லாம் கவிழ்த்து வரிசையாக வைத்திருந்தது. அடியில் நெயில் பாலீஷில் வைத்த புள்ளிகள். மேலே சிவப்பு, கீழே பச்சை. அனிதா டீச்சருக்கு எழுத்து மணிமணியாக இருக்கும் என்பார்கள், புள்ளிகளும் அப்படியே இருந்தன.

மேற்பார்வையாளர் நாற்காலியில் உட்கார்ந்து மதிப்பீட்டு அட்டைகளை அடுக்கினார். கிருஷ்ணகிரியில் மதியம் மீட்டிங் இருப்பதாக வந்ததிலிருந்து இரண்டு முறை சொல்லிவிட்டார். காவியாவைக் கூப்பிட்டார்கள். பாயின் மேல் நாலு வட்டங்கள்.

"செவப்பு எங்க இருக்குது கண்ணு?" என்று அனிதா குனிந்து, நிஜமான அன்போடு கேட்டாள்.

காவியா அம்மாவைப் பார்த்தாள். ஜோதிமணி கண்ணாலேயே 'தொடு' என்றாள். குழந்தையின் வலது கை கொஞ்சம் முன்னே வந்தது. பிறகு அவள் டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் போய்விட்டன.

"மூணாவது தடவ" என்று பெருமூச்சு விட்டாள் அனிதா. மேற்பார்வையாளர் பேனாவால் 'இல்லை' என்று எழுதி, கீழே குறிப்பும் எழுதினார்.

"அடுத்தது ஹரீஷ்குமார்."

ஹரீஷ் ஓடி வந்து மண்டியிட்டான். சிவப்பு கேட்டார்கள், எடுத்தான். பச்சை கேட்டார்கள், எடுத்தான். கேட்காததையும் சொன்னான்: "செவப்பு எங்குளுது மிஸ். பச்ச காலனியாளுங்குளுது. அவங்க நம்புளுதத் தொடக் கூடாது."

அனிதா தன் கையிலிருந்த வட்டத்தைப் பார்த்தாள். காவியாவின் கையில் ஒருநாள் அடித்தது அவளுக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தது போலிருந்தது. மேற்பார்வையாளரின் பேனா ஒரு நொடி நின்றது. பிறகு, நிறம் அறிதல்: மிக நன்று. வகைப்படுத்துதல்: மிக நன்று.

"டீச்சர்" என்று எழுந்தாள் ஜோதிமணி. குரல் அவள் நினைத்ததைவிடச் சின்னதாக வந்தது. "வீட்ல சொல்லிக் குடுக்கச் சொன்னீங்க, குடுத்தேன். நீங்களும் இங்க குடுத்திருக்கீங்க. நீங்க குடுத்ததுதான் அவ மனசுல நின்னுச்சு."

"ஜோதி, நான் வேணும்னு செய்யல. ஊர்ல பொதுவா டம்ளர் வெச்சா புள்ளைங்கள அனுப்ப மாட்டோம்னுட்டாங்க. பதினோரு பேரு நின்னுட்டா சென்டரையே மூடிடுவாங்க. அப்பறம் உங்க புள்ளைங்க மட்டும் எங்க போவும்? ரெண்டு பக்கமும் வரட்டும்னுதான்..."

"அடிச்சது?"

அனிதா கையிலிருந்த வட்டத்தைப் பாயில் வைத்தாள்.

ஜோதிமணி அலமாரிக்குப் போனாள். மேல் தட்டிலிருந்து ஒரு டம்ளரை எடுத்தாள். "பேடம்மா, பேடா" என்று கன்னடத்தில் கெஞ்சினாள் ஆயா கெம்பம்மா. வேண்டாமென்று சொல்லும் கை முன்னால் நீண்டதே தவிர, தடுக்கவில்லை. ஜோதிமணி குடத்தில் தண்ணீர் மொண்டு மகளிடம் கொடுத்தாள்.

"குடி."

காவியா டீச்சரைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக் குடித்தாள். அண்ணாந்து கடைசி வாய் குடித்தபோது, அடியிலிருந்த சிவப்புப் புள்ளி எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது.

"இது என்ன நெறம்?"

"செவப்பு" என்றாள் காவியா, புள்ளியின்மேல் விரலை வைத்து.

"மேடம், சொல்லிட்டா பாருங்க. தொட்டும் காட்டிட்டா."

மேற்பார்வையாளர் பேனாவை மூடினார். "இங்க் பேனாவுல எழுதியாச்சும்மா. அடிச்சுத் திருத்துனா மேல கேள்வி கேப்பாங்க. ஆறு மாசம் கழிச்சுப் பாப்பம்."

ஆறு மாதத்தில் காவியா ஒன்றாம் வகுப்பில் இருப்பாள். ஊரில் இந்நேரம் சென்னப்பன் வீட்டுக்குச் சேதி போயிருக்கும். நாளைக்கு ரோஜா வெட்ட அவளைக் கூப்பிட மாட்டார்கள். அட்டையும் போயிற்று, வேலையும் போயிற்று.

அதற்குள் காவியா காலி டம்ளரை எடுத்துக்கொண்டு அலமாரிக்கு நடந்தாள். குனிந்து, கீழ்த் தட்டில், பச்சைப் புள்ளி வரிசையின் ஓரத்தில் அதைக் கவிழ்த்து வைத்தாள். தான் வாய் வைத்ததால் அது இனி அந்த வரிசைதான் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. பதினோரு மாதத்தில் அவளே கற்றுக்கொண்டிருந்தாள்.

ஜோதிமணி போய் அதை எடுத்தாள். புடவை முந்தானையால் துடைத்தாள். மேல் தட்டில் வைத்தாள். பிறகு, பாலிஹவுஸில் காம்பு பிரிக்கிற அதே பழக்கமான வேகத்தில், பதினோரு டம்ளர்களையும் முன்னும் பின்னும் இடம் மாற்றி, நடுவிலிருந்ததை ஓரத்துக்கும் ஓரத்திலிருந்ததை நடுவுக்கும் நகர்த்தினாள். முடித்தபோது காவியா வாய் வைத்தது எது என்று அவளுக்கே தெரியவில்லை.

"வரோம் டீச்சர்" என்றாள். மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். நடக்கிற குழந்தைதான், ஆனாலும் தூக்கிக்கொண்டாள்.

வாசற்படியில் செருப்பு மாட்டும்போது உள்ளே ஹரீஷின் குரல் கேட்டது.

"கெம்பம்மா, தாகமா இருக்குது. தண்ணி."

ஜோதிமணி திரும்பிப் பார்த்தாள். கெம்பம்மா அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அவள் கை மேல் தட்டில் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை போயிற்று, திரும்பி வந்தது, மறுபடியும் போயிற்று. எந்த டம்ளரிலும் இறங்கவில்லை. பதினோரு புள்ளிகளும் ஒரே சிவப்பாக இருந்தன.