முப்பதாவது மாடி

சந்தேகம் நகத்தில்தான் தொடங்கியது.

கல்யாணமாகி இருபத்துமூன்று வருஷமாக அவள் பார்த்துவரும் நகங்கள். லிஃப்ட் மெக்கானிக்கின் நகங்கள். கிரீஸ் ஏறி ஏறி ஓரமெல்லாம் கறுத்து, எந்தச் சோப்புக்கும் மசியாதவை. அன்று சாயங்காலம் டம்ளரை வாங்க நீட்டிய கையில் அந்தக் கறுப்பைக் காணோம். வேறொருத்தியாக இருந்தால் கவனித்திருக்க மாட்டாள். இவளுக்கு நிறம் பார்ப்பதுதான் பிழைப்பு. பல் செட் செய்யும் பட்டறையில், நிஜப்பல்லுக்குப் பக்கத்தில் பொய்ப்பல்லை வைத்து, பதினாறு வெள்ளையில் எந்த வெள்ளை பொருந்தும் என்று சொல்கிறவள். அவளிடம் போய் நகத்தை மறைக்க முடியுமா?

"என்னங்க, கை பளபளன்னு இருக்கு?"

"புது சோப்பு," என்று கையை இழுத்துக்கொண்டார்.

புது சோப்பாம். அந்த வீட்டுக்குச் சோப்பு வாங்குகிறவளே அவள்தான்.

மறுநாள் பட்டறையில் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். பக்கத்து மேஜைக்காரிக்குக் கோந்து என்று பட்டப்பெயர். ஒரு விஷயம் கையில் ஒட்டினால் லேசில் விடமாட்டாள்.

"அக்கா, மெக்கானிக் நகம் வெளுத்துச்சுன்னா அவரு வேலைக்குப் போகலைன்னு அர்த்தம். தினமும் காலைல கிளம்புறாரு இல்ல? எங்க போறாரு? அதைக் கண்டுபிடிங்க."

"சும்மா இருடி. அவருக்கு அதுக்கெல்லாம் சாமர்த்தியம் பத்தாது."

சொல்லிவிட்டாளே தவிர, விஷயத்தை விட முடியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய வேலைச் சட்டையை ஊறவைத்து, பக்கெட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். கறுப்பாக ஓட வேண்டிய தண்ணீர், ஊற்றிய மாதிரியே கிடந்தது. அப்புறம் ஒவ்வொன்றாக உறைத்தது. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் அடிக்கும் போன் அடிப்பதே இல்லை. "லிஃப்ட் நடுவுல நிக்குது, ஆளு உள்ள மாட்டிக்கிட்டாரு" என்ற அலறல் கேட்டு எத்தனை மாதமாகிறது? வீட்டுச் செலவுக்குப் பணம் மட்டும் ஒன்றாம் தேதி தவறாமல் வருகிறது.

அப்போதுதான் அவளுக்கு மாடிக்கணக்கு ஞாபகம் வந்தது.

பத்து வருஷத்துக்கு முன்னால் லிஃப்ட் கயிற்றில் அவர் விரல் சிக்கி, தப்பித்ததே பெரும்பாடு என்றானது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி சொன்னார்: "யாரு கூப்பிட்டாலும் ஓடுற பொழப்பு எனக்கு வேணாம்மா. சேத்து வெச்சுட்டு ரெண்டு பேரும் நிறுத்திடலாம்." தொகையைச் சொன்னால் மலைப்பாக இருந்தது. அதனால் அதை இருபது மாடிக் கட்டடமாகப் பிரித்தார். சேமிப்பில் ஒரு பங்கு சேர்ந்தால் ஒரு மாடி. மாதக் கடைசியில் அவர் மணியடிப்பது போல "டிங்" என்று சொல்லி மாடியை அறிவிப்பார். பாங்க் விஷயம் முழுக்க அவர் பொறுப்பு. அவள் சம்பளத்தைக் கொடுப்பாள், மாடியைக் கேட்டுக்கொள்வாள்.

இருபது வந்த அன்று அவர் லட்டு வாங்கி வந்தார். அவள்தான், "கூரை ஒழுகுதே, இன்னும் ரெண்டு மாடி ஏறிடலாமே," என்றாள். இருபத்திரண்டு வந்தபோது மகளின் படிப்பு குறுக்கே வந்தது. இருபத்தாறில், வயசான காலத்தில் வைத்தியச் செலவுக்கு யாரிடம் போய் நிற்பது என்ற பயம். ஆக முப்பது. ஒவ்வொரு தடவையும் அவர் தலையை ஆட்டிவிட்டு மறுநாள் வேலைக்குப் போனார்.

இப்போது ஏழு மாதமாக இருபத்தேழிலேயே நிற்கிறது. கேட்டால், "லிஃப்ட் ரிப்பேர்" என்று சிரிக்கிறார். இதற்குள் முப்பது ஆகியிருக்க வேண்டும். அந்த மூன்று மாடிப் பணம் எங்கே போகிறது? யார் வீட்டுக்குப் போகிறது?

புதன்கிழமை காலை, பட்டறைக்குப் போன் செய்து பல்வலி என்று பொய் சொன்னாள். பல் செட் பட்டறையில் அதைவிடப் பொருத்தமான பொய் கிடையாது. பதினோரு மணிக்குள் வந்தால் சம்பளம் பிடிக்க மாட்டேன் என்றார் முதலாளி. தலையில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு, அவர் ஏறிய பஸ்ஸிலேயே பின்வாசல் வழியாக ஏறினாள். ஒன்பதாவது நிறுத்தத்தில் இறங்கினார். வேலைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு பழைய மஞ்சள் கட்டடத்துக்குள், சொந்த வீட்டுக்குள் போவது போல நுழைந்தார். அந்த நடையைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை முட்டியது.

உள்ளே கண்ணாடிச் சுவர். அந்தப் பக்கம் நீச்சல் குளம்.

இவளுடைய புருஷன், ஐம்பத்திரண்டு வயது, தொப்பையும் ரப்பர் தொப்பியுமாக, குளத்தின் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு காலை உதைத்துக்கொண்டிருந்தார். நீச்சல் சொல்லித்தரும் அம்மாள் விசிலை ஊதி அதட்டினாள். அவர் சிரித்தார். வீட்டில் அந்தச் சிரிப்பைப் பார்த்து எவ்வளவு நாளாகிறது! நகம் வெளுத்த ரகசியம் அந்த மருந்துத் தண்ணீர்தான் என்று புரிந்தது. ஆனாலும் மனசு ஆறவில்லை. கண்ணாடியை ஓங்கித் தட்டினாள்.

துண்டைப் போர்த்திக்கொண்டு, தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து நின்றார்.

"வேலைய விட்டுட்டீங்களா?"

"ஏழு மாசமாச்சு."

"மூணு மாடிப் பணம் எங்க?"

"எங்கயும் போகல. முப்பது வந்துடுச்சும்மா. வேலைய விட்ட அன்னிக்கே வந்துடுச்சு. உன்கிட்டதான் மூணு மாடி கொறச்சுச் சொல்லிட்டு வந்தேன்."

அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி இல்லை, ஆத்திரம். "ஏழு மாசமா நான் அங்க பல்லு அச்சு மாவுத்தூளை மூக்குல இழுத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். நீங்க இங்க வந்து கால ஆட்டிக்கிட்டு இருக்கீங்களா? என்கிட்ட ஏன் சொல்லல?"

"தப்புதான். ரொம்பத் தப்பு. ஒவ்வொரு மாசமும் சொல்லணும்னுதான் வருவேன்." தொப்பியைக் கழற்றிப் பிழிந்தார். "லட்டு வாங்கிட்டு வந்தேனே, ஞாபகமிருக்கா? சொன்னா நீ இன்னும் மேல ஏத்துவ. மறுபடியும் அந்த லிஃப்ட் குழிக்குள்ள எறங்க எனக்குத் தெம்பு இல்லம்மா."

"நான் என்ன பேயா? ஏதோ நம்ம நல்லதுக்குத்தானே சொன்னேன்!"

"சரி. இப்பத் தெரிஞ்சுடுச்சு இல்ல? கூரை முடிஞ்சுது, படிப்பு முடிஞ்சுது, வைத்தியத்துக்கும் இருக்கு. நாளைக்கு நீயும் போய் நின்னுக்கறேன்னு சொல்லிடு. இங்கயே பொம்பளைங்களுக்குத் தனி நேரம் இருக்கு."

அவள் அவருடைய கையைப் பார்த்தாள். குழந்தைக் கை மாதிரி வெளுத்து, சுருங்கிப்போயிருந்தது. தன் நகத்தைப் பார்த்தாள். ஓரமெல்லாம் பல் அச்சு எடுக்கும் மாவு, வெள்ளையாக, கெட்டியாக. இத்தனை வருஷத்தில் அதை அவள் பார்த்ததே இல்லை. சரி என்று சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தாள். சத்தியமாக அதற்குத்தான் திறந்தாள்.

"ஏங்க, கையில தெம்பு இருக்கறப்பவே... ஒரு முப்பத்திரண்டு ஆயிடட்டுமே?"

அவர் கோபப்படவில்லை. திரும்பத் திரும்ப அதே இடத்தில் பழுதாகும் லிஃப்டைப் பார்ப்பது போல அவளைப் பார்த்தார். தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டு குளத்துக்குப் போனார்.

சுவர்க் கடிகாரத்தில் மணி பத்தரை. இப்போது பஸ் பிடித்தால் பதினோரு மணிக்குப் பட்டறையில் இருக்கலாம். சம்பளம் பிடிக்க மாட்டார்கள். இப்படியெல்லாம் யோசிக்கக்கூடாது என்று நினைத்தபடியே அவள் வாசலுக்கு வந்திருந்தாள். இன்னும் எத்தனை மாடி வந்தால் தன்னால் நிற்க முடியும் என்று யோசித்துப் பார்த்தாள். ஒரு எண்ணும் தோன்றவில்லை. பயமாக இருந்தது. பஸ் வந்தது; ஏறினாள்.