சாலைத் தெருவில் ஓர் உப்பு இமயம்

1

இந்தக் கதை கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. 'ஜனாதிபதித் தேர்தலில் தேசப் பாதுகாப்பும் வீட்டுக் கவலைகளும்' என்று அமெரிக்காவைப் பற்றி எழுதித்தரச் சொன்னார் ஒரு பத்திரிகை ஆசிரியர். இரண்டாயிரத்து நான்கு, அங்கே தேர்தல் நேரம். அமெரிக்காவை நான் பார்த்ததில்லை. எனவே தயக்கமில்லாமல் ஆரம்பித்தேன்.

'உலக வல்லரசின் வாக்காளன் வரலாற்றின் நாற்சந்தியில் நின்று...'

(அடித்துவிட்டேன். நாற்சந்தியில் நிற்பவனை லாரிதான் முதலில் சந்திக்கும்.)

நான் கிட்டத்தில் பார்த்த ஒரே பிரசிடெண்ட் தேர்தல், திருவனந்தபுரம் சாலைத் தெருவில் எங்கள் வியாபாரிகள் சங்கத்துக்கு நடந்தது. தொண்ணூற்றொன்பது, கார்கில் சண்டை, விடாத மழை. சங்கத்துக்குக் கணக்கெழுதுகிறவன் என்பதால் என்னைத் தேர்தல் அதிகாரி ஆக்கினார்கள்.

2

உப்பு, புளி மொத்த வியாபாரி பூதலிங்கம் அண்ணாச்சி தேசத்துக்காக, மலைச் சின்னத்தில் நின்றார். தெருமுனையில் மணல் மூட்டைகளை அடுக்கி, மேலே கல்லுப்பைக் குவித்து இமயமலை கட்டினார். உச்சியில் கொடி. விடிகாலை மங்கலில் அது நிஜமாகவே பனியாகத் தெரிந்தது. சுமைதூக்கிகள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கடந்தார்கள். எனக்கே ஒருநாள் குளிர்ந்தது.*

எதிரே இரும்புக்கடை நேசையன், மண்வெட்டிச் சின்னம். ஒரே வாக்குறுதி: சாக்கடையைத் தோண்டுவேன்.

"எல்லையில பயலுவ ரத்தம் சிந்துதானுவ. இவரு சாக்கடையப் பத்திப் பேசுதாரு!" என்றார் பூதலிங்கம், கூட்டத்தில்.

"ஓய், உம்ம இமயமலை சாக்கடை வாய்மேலதாம்வே இருக்கு. மொதல்ல அத எடும்."

"கேட்டியளா? மலைய விட்டுக்குடுக்கச் சொல்லுதாரு!"

கைதட்டல் அடங்கவே வெகுநேரம் ஆனது.

(*உப்பு மழையில் கரையும் என்று உப்பு வியாபாரிக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். மேடை ஏறும்வரை தெரியும்.)

3

மலை கரைந்தது. கொடி மெல்ல மெல்ல இறங்கி மூட்டைமேல் சாய்ந்தது. தண்ணீருக்குப் போக வழியில்லை. தெருவில் முழங்கால் ஆழம். அதில் வாழையிலைக் கட்டுகள் யாரையோ தேடுவதுபோல் கடைகடையாக மிதந்து போயின. தண்ணீரை நாக்கில் வைத்தால் கரித்தது. கடல் சாலைத் தெருவுக்குச் சரக்கெடுக்க வந்திருந்தது.

அந்தத் தண்ணீர் டெலிபோன் கேபிளுக்குள் இறங்கி, தெருவின் போன்களெல்லாம் செத்தன.

பாத்திரக்கடை பிச்சம்மாளின் போனும். அவளுடைய ஒரே மகன் தங்கபாண்டி பட்டாளத்தில், நிஜ மலையில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை முகாமுக்கு இறங்கினால் கடைக்குப் பேசுவான். அந்த ஞாயிறு பேசவில்லை.

"வெள்ளம் இறங்காதெ லைன் கிட்டாது, கேட்டோ அம்மா," என்றான் மலையாளி லைன்மேன்.

ஆகா, என் கட்டுரை கிடைத்துவிட்டது! தேசமும் வீடும் ஒரே சாக்கடையில் அடைத்துக்கொண்டு நின்றன. அவள் ஓட்டு எங்கே போகும் என்பதில் சந்தேகமே இல்லை.

'பிச்சம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மண்வெட்டிச் சின்னத்தில் முத்திரை குத்தினாள். ஜனநாயகம்...'

(இந்த வாக்கியத்தை முடிக்க அவளே விடவில்லை.)

4

வாக்குப்பதிவு, சங்கத்து மாடியில். கடைசி ஓட்டு அவளுடையது. இழுபறி என்று ஊருக்கே தெரியும். சீட்டை வாங்கியவள் அப்படியே நின்றாள்.

"இதுல யோசிக்க என்னக்கா இருக்கு? சாக்கடைய வெட்டினா போன் வரும்," என்றேன்.

"வரும். வந்தா யாரு பேசுவா?"

"ஒங்க மவன்தான்."

"அவன் பேசினாச் சரி. அவன் ஆபீசரு பேசினா?"

சீட்டை மடித்தாள், பிரித்தாள்.

"லைன் செத்துக் கெடக்குறவரைக்கும் எம்புள்ளைக்கு ஒண்ணுமில்ல தம்பி."

(தந்தி என்று ஒன்று இருக்கிறது. நான் சொல்லவில்லை. நீங்களும் சொல்லவேண்டாம்.)

5

முடிவுகள் இரண்டு வைத்திருக்கிறேன். ஒன்றில் மண்வெட்டி ஜெயிக்கிறது, தண்ணீர் வடிகிறது. 'போன் அடித்தது' என்றுகூட எழுதிவிட்டேன். மறுமுனையில் யார் என்ற இடத்தில் பேனா நின்றது. இன்னொன்றில் மலை ஜெயிக்கிறது. புது உப்பு வந்து இறங்குகிறது. ஞாயிறுகள் சத்தமில்லாமல் போகின்றன, அவள் மகன் சாகாமலே இருக்கிறான்.

ஆசிரியரிடம், வாக்காளர் மனசு எனக்குப் பிடிபடவில்லை என்று சொல்லிவிட்டேன். வேறு யாரோ நாற்சந்தியோடு எழுதிக்கொடுத்தார்களாம்.

அன்று மாடியில் பிச்சம்மாள் சீட்டை என்னிடம் நீட்டினாள்.

"என்னால ஆவாது. நீயே குத்து தம்பி."

"அதிகாரி குத்தக்கூடாதுக்கா." அந்தப் பதவியால் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் அது.

ஆகவே சீட்டு உங்களிடம். இடப்பக்கம் மலை, வலப்பக்கம் மண்வெட்டி. முத்திரையில் மை ஈரமாக இருக்கிறது. அவசரமில்லை. கீழே கடையில் போன்மேல் தங்கபாண்டியின் பழைய கம்பளிச் சட்டையைப் போர்த்தி வைத்திருக்கிறாள். கேட்டால், குளிருமில்லா என்கிறாள்.